பன்றி எங்கே கேப்டன்?

அத்தியாயம் நான்கு

இந்த அத்தியாயத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இருந்தால், எழுதிய கைக்கு அடுத்த வேளைச் சோறு எட்டாமல் போகட்டும். தலுங்கன் தீவுக் கோயிலில் நிற்கும் உழவர்களின் புனிதர் இசிதோரோவின் மேல் சத்தியம். அவர் காலடியில் படுத்திருக்கும் மரமாட்டின் மேலும் சத்தியம். இனி நடந்ததைச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு கேப்டன் புருதென்சியோ, அனிசேத்தாவின் பெட்டிக்கடைச் சுவரில் இருந்த நெட் பெட்டியின் ஆண்டெனாவை முறித்துத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திருகி எடுக்கத்தான் நினைத்தார். ஆனால் கேப்டன் எதைத் திருகினாலும் அது முறியும். கேப்டன் என்றதும் கப்பலை நினைக்க வேண்டாம். ஊராட்சித் தலைவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கப்பலாக இருந்திருந்தால் எப்போதோ மூழ்கியிருக்கும்.

"முடிஞ்சுது. இனிமே அந்தக் கெட்ட பேரு காத்துல வராது," என்றார் கேப்டன்.

கம்பி வலைக்கு உள்ளே அனிசேத்தா பன்சித் நூடுல்ஸ் கிளறும் கரண்டியோடு சிலைபோல நின்றாள். காசு போட்டால் போனுக்கு நெட் தரும் அந்தப் பெட்டிதான் விதவையான அவளுக்குச் சோறு போட்டது. சோப்பும் மத்தி மீன் டப்பாவும் விற்று எவளாலும் பிழைக்க முடியாது.

"கேப்டன், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. சாயந்தரம் என் பொண்ணு ரோவெனா ஹாங்காங்லேருந்து கூப்பிடுவா. ஞாயித்துக்கிழமைதான் அவளுக்கு வீட்டு வேலையிலேருந்து லீவு. மாப்பிள்ளையைக் காட்டப் போறா. நாளைக்கு ரெண்டு பேரும் அங்கேயே கல்யாணக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. நான் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"வேண்டாம்னுதானே சொல்லப் போற? அதை இங்கேருந்தே கத்து."

"மூஞ்சியைப் பார்க்காம வேண்டாம்னா பாவம் இல்லையா கேப்டன்?"

இந்தப் பேச்சை எல்லாம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் எவுசேபியோ மக்பனுவா. இலோய்லோ துறைமுகப் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முறை படகு திருடியவன் ஒருவனை, அவன் தலைக்குத் தடவும் எண்ணெயின் வாசத்தை வைத்தே நடுக்கடலில் பிடித்தார். காற்று அன்றைக்கு எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் அதில் விசேஷம். காற்றில் வருபவற்றில் மழையை மட்டும்தான் அவர் மதித்தார். அவரிடம் இருந்தது பித்தான் போன், அதுவும் ரப்பர் பேண்டு போட்டது.

பெஞ்சைச் சுற்றிப் பாதி ஊரே நின்றது. எல்லாத் தலைகளும் தொங்கியிருந்தன. எல்லாக் கட்டைவிரல்களும் ஆடிக்கொண்டிருந்தன. கருவாட்டில் மொய்த்த ஈகூட அவ்வப்போது பறந்து தன் மானத்தைக் காட்டும் என்று நினைத்துக்கொண்டார் எவுசேபியோ.

பெட்டி வருவதற்கு முன் இதைவிட மோசம். கோயிலுக்குப் பின்னால் இருந்த தென்னை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். ஒருவன் அங்கே ஏறிப் பெண் கேட்டான். அவள் சரி என்றதும் சந்தோஷத்தில் இரண்டு கையையும் விட்டான். கல்யாணம் ஆஸ்பத்திரியில் நடந்தது.

"இன்ஸ்பெக்டர்," என்று திரும்பினார் கேப்டன். "தீவுல நெட்டைப் பத்தித் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். அதனால இவதான். நீங்க அதை நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும். நான் சேவல் சண்டை பார்த்துட்டு சுத்தியலோட வரேன். பெட்டியை உடைச்சுட்டு, கடைக்கும் சீல் வெச்சுடலாம்."

"முடிவைச் சொல்லிட்டு விசாரிக்கச் சொல்றீங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

"மீதிப் பாதியை நாய்ங்க பார்த்துக்கும்," என்றாள் லூடி.

லூடி என்கிற லுதிவினா மூன்று சக்கர வண்டி ஓட்டுபவள். நாற்பது வயது. துப்பறிவதில் எவுசேபியோவுக்கு உதவியாள். சம்பளம் வாங்காததால் அவள் வாயை அடக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நாய்கள் என்றதும் கேப்டனின் முகம் கறுத்தது. காரணம் இருக்கிறது.

இசிதோரோ திருவிழாவுக்காக ஊரே சேர்ந்து ஒரு பன்றி வாங்கி, மூங்கிலில் கோத்து, தணலில் திருப்பித் திருப்பிச் சுட்டது. தோல் கண்ணாடிபோல மின்னியது. பந்தி போடும் நேரத்தில் பன்றியைக் காணோம். மூங்கில் மட்டும் இருந்தது. கேப்டன் நேரில் வந்து விசாரித்து, நாய்கள்தான் தின்றன என்று தீர்ப்புச் சொன்னார். நாய்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பெயர் வந்தது. போனில் வைஃபையைத் திறந்தால் பக்கத்தில் இருக்கும் நெட்டுகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும் அல்லவா? அனிசேத்தாவின் பெட்டிக்கு 'கடை நெட்' என்று பெயர். அதற்கு மேலே ஒருநாள் புதிதாக ஒன்று முளைத்தது: 'பன்றி எங்கே கேப்டன்?'

சுவரில் கரியால் எழுதியிருந்தால் கையெழுத்தைப் பார்க்கலாம். சந்தில் நின்று கத்தியிருந்தால் குரலைப் பிடிக்கலாம். இது வெறும் காற்றில் நின்று கேட்டது.

"அந்தப் பேரை நீங்களே பார்த்தீங்களா கேப்டன்?" என்று கேட்டார் எவுசேபியோ.

"பாதிரியார் அவரோட போன்ல காட்டினார். என் போன்ல வராது." கேப்டன் தன் சட்டைப் பையைத் தட்டினார். அதில் விலை உயர்ந்த போன் ஒன்று பாதி வெளியே தெரியும்படி நின்றது. "என் போன் கண்ட வைஃபையையும் வாசல்ல சேர்க்காது."

"எதுவுமே வராதா?"

"எதுவுமே. இந்தப் பெட்டி பேர்கூட ஒரு நாளும் வந்ததில்லை. அவ்வளவு சுத்தமான போன்."

"போனுமா குளிக்காது?" என்றாள் லூடி. கேப்டன் அந்தக் காக்கிச் சட்டையைத் தேர்தலில் ஜெயிக்கும்வரை துவைப்பதில்லை என்று வேண்டிக்கொண்டிருப்பது ஊருக்குத் தெரியும். தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது. தெருநாய்கள் நாலைந்து அவர் மார்புப் பக்கமே மூக்கைத் தூக்கி நின்றன. மக்களின் அன்பு என்று கேப்டன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அன்பு என்றால் வெறும் பேச்சு இல்லை. தேர்தல் வருகிறது என்று தெரிந்ததும் கேப்டன் தன் போனின் நெட்டை ஊருக்குத் திறந்து விட்டிருந்தார். பக்கத்தில் நிற்பவனுக்கு எல்லாம் இலவசம். 'கேப்டனின் அன்பு' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அதனால் அவர் நடந்தால் ஊர் நடக்கும். உட்கார்ந்தால் ஊர் உட்காரும். அவர் மூத்திரம் போக ஒதுங்கினால்கூடக் கூட்டம் மரியாதையான தூரத்தில், ஆனால் நெட் கிடைக்கும் தூரத்தில், காத்து நிற்கும்.

"என்னப்பா, என் அன்பு எல்லாருக்கும் வருதா?" என்றார் கேப்டன், கூட்டத்தைப் பார்த்து.

"ஃபுல்லா வருது கேப்டன்!" ஒருவனும் தலை நிமிரவில்லை.

லூடி தன் போனைப் பார்த்தாள். "இன்ஸ்பெக்டரே, கடை நெட் போயிடுச்சு. ஆனா பன்னி அப்படியே இருக்கு. கோடு எல்லாம் ஃபுல்."

"பார்த்தீங்களா! இன்னொரு பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கா!" என்றார் கேப்டன்.

"எங்க ஒளிப்பேன், பாவாடைக்குள்ளயா?" என்றாள் அனிசேத்தா. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததில் கரண்டியிலிருந்து ஒரு நூடுல்ஸ் விழுந்தது. ஒரு நாயும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேப்டன் ஜீப்பில் ஏறினார். கூட்டம் இரண்டு பக்கமும் ஓடியது, போனைத் தூக்கிப் பிடித்தபடி, பாடம் கேட்கும் பிள்ளைகள் மாதிரி. பின்னால் நாய்கள். கடை வாசலில் ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும் மிஞ்சியது.

"அட!" என்றாள் லூடி. "பன்னியும் போயிடுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். ஜீப் வளைவு திரும்பினப்போ."

எவுசேபியோ ஒரு கடலையை உரித்து வாயில் போட்டார். "ஆண்டெனா போனப்ப போகலை. ஜீப் போனப்ப போச்சு. வண்டியை எடு."

லூடியின் வண்டி கிளம்பும்போது எப்போதும்போலப் பெரிதாக இருமியது. முதலில் படகுத்துறைக்குப் போனார்கள். அங்கே பெயர் இல்லை. கருவாடு காயப்போடும் களத்துக்குப் போனார்கள். அங்கேயும் இல்லை. களத்தில் ஒருத்தி மீனைத் திருப்பிப் போட்டபடி, யாருடைய போனையும் பார்க்காமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தத் தீவில் அன்று காலை எவுசேபியோ மதித்த முதல் மனுஷி அவள்தான்.

"இன்ஸ்பெக்டரே, நமக்கு ஏன் இந்த வேகாத வெயில்? பேசாம அனிசேத்தா அக்காவை என் வீட்டுக் கூரைல ஏத்தி விட்டா ஒரு கோடு விழும். மாப்பிள்ளை மூக்காவது தெரியும்."

"மூக்கை மட்டும் பார்த்துக் கட்டிக்கொடுத்த கல்யாணம் எனக்குத் தெரியும். என்னோடதுதான். சேவல் களத்துக்கு விடு."

சேவல் களத்தின் தகரக் கூரையைத் தாண்டும் முன்பே லூடி போனைப் பார்த்துச் சொன்னாள்: "வந்துடுச்சு. ஃபுல்."

உள்ளே விசிறிகள் சுழன்றன, ஒலிபெருக்கி கத்தியது. கேப்டன் முன்வரிசையில் கையை ஆட்டிப் பந்தயம் கூவிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த படிகள் எல்லாம் காலி. ஜனம் முழுதும் கேப்டனைச் சுற்றியே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஒருவன் முதுகில் இன்னொருவன் போனை வைத்துப் பார்த்தான். போன தேர்தலில் கேப்டனை எதிர்த்து நின்று தோற்றவனும் அவருடைய அக்குளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தான். களத்தில் இருந்த இரண்டு சேவல்களும், பார்க்க ஆள் இல்லாத வெட்கத்தில், சண்டையை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

"அடுத்தவன் அக்குளுக்குக் கீழே இவ்வளவு சந்தோஷமா ஒரு ஜனத்தை நான் பார்த்ததில்லை," என்றார் எவுசேபியோ.

திரும்பிப் பார்த்தார். லூடி தன் போனில் எதையோ பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பூனை பியானோவில் இருந்து விழுந்தது. மறுபடி விழுந்தது.

"லூடி."

"ம்?"

"அனிசேத்தா பெட்டி செத்துப்போச்சு. உன் போன்ல காசு போட்டு ரொம்ப நாளாச்சுன்னு நேத்துதான் அழுத. பூனை எப்படி விழுது?"

லூடியின் சிரிப்பு நின்றது. பூனை மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

"அது... சும்மா... கிடைச்சுது."

"எதுலேருந்து?"

அவள் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றாள். "பன்னியிலேருந்து."

"பன்னிக்குப் பாஸ்வேர்டு இல்லையா?"

"இருக்கு."

"என்ன?"

"கேப்டன் பொறந்த நாள்."

எவுசேபியோ கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் அப்படி வைத்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம்; இல்லாவிட்டால் கடலை முடிந்தது என்று அர்த்தம். பொட்டலம் இன்னும் கனமாகத்தான் இருந்தது.

"முன்னாடி 'கேப்டனின் அன்பு'ன்னு ஒண்ணு வந்துதே, அது எங்க?"

"பன்னி வந்த அன்னிக்கே அது போயிடுச்சு."

"ஆனா காலையில அன்பு ஃபுல்லா வருதுன்னு இத்தனை பேரும் கத்தினீங்க."

"நெட்டு வருதுல்ல இன்ஸ்பெக்டரே. பேர்ல என்ன இருக்கு?"

"ஆக, கேப்டன் போன்லேருந்துதான் அந்தப் பேரு வருதுன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும்."

"அந்த மடையனுக்கு மட்டும் தெரியாது. ஊரே மூக்கைப் பொத்துது, ஒருத்தன் மட்டும் என்ன நாத்தம்னு கேக்கறான்னா, நாத்தம் எங்கேருந்து? அவன் போன் நெட்டைக் கொடுக்கிற போன். தன் பேரைத் தானே காட்டாது, அடுத்தவன் பேரையும் பார்க்காது. சுத்தமாம், சுத்தம்! ஏன் ஒருத்தனும் சொல்லலை?"

"சொன்னா அணைச்சுடுவார். அப்புறம் நெட்டு ஏது?"

எவுசேபியோ அவளைப் பார்த்தார். துறைமுகத்தில் கஞ்சா கடத்தியவர்களைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"ஒரு பொம்பளையோட சோத்துல சுத்தியல் விழப்போகுது. அவ பொண்ணு, பெத்தவ கண்ணுல பார்க்காத ஒருத்தனைக் கட்டிக்கப் போறா. ஊர் பூரா உண்மையைக் கையில வெச்சுக்கிட்டு பூனை விழுறதைப் பார்க்குது. அனிசேத்தாவுக்கு மட்டும் தெரியாது, ஏன்னா அவ ஒருத்திதான் சொந்தப் பெட்டி வெச்சிருக்கா, ஓசிக்கு அலையலை."

"சாயந்தரத்துக்குள்ள நானே சொல்லிடலாம்னுதான்..." முதல் முறையாக லூடியிடம் நக்கல் தீர்ந்துபோயிருந்தது. "இப்பவே போய் கேப்டன் காதுல சொல்லிடறேன்."

"வேண்டாம். காதுல சொன்னா போனை அமுக்கி அணைச்சுட்டு, அப்படி ஒண்ணும் இல்லைம்பான். மானத்தைக் காப்பாத்திக்க சுத்தியலை இன்னும் ஓங்கி அடிப்பான். நெட்டு வேணும்னு இந்த ஜனம் அவன் பக்கம்தான் தலையாட்டும். நீ அனிசேத்தா போன்ல அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு வை. மத்ததை மாப்பிள்ளை பார்த்துப்பான்."

சாயங்காலம் கடை வாசலில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, போனை ஒரு பால் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள் அனிசேத்தா. முன்னால் பன்சித் தட்டு. மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு. அவன் இருப்பது ஹாங்காங்கில் என்றாலும் மரியாதை மரியாதைதானே. நல்ல நாளுக்கு எடுக்கும் நீலச் சட்டையைப் போட்டு, பௌடர் பூசியிருந்தாள். போன் இருட்டாகக் கிடந்தது.

"வராதுடி லூடி. பெட்டி செத்துப் போச்சு. எதுக்கு என்னை இப்படி உக்கார வெச்சிருக்க?"

"ஆடாம இருக்கா. பௌடர் கொட்டுது."

பக்கத்து வீடுகளில் இருந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கேப்டனின் மனைவி மிலாக்ரோஸும் ஒரு கிண்ணம் நாரத்தைச் சாற்றோடு வந்து ஓரத்தில் நின்றாள். தெருக்கோடியில் யாரோ ஒருவன் கரோக்கியில் காதல் பாட்டைக் கதறிக்கொண்டிருந்தான்.

அப்போது ஜீப் வந்தது. இருபுறமும் கூட்டம். பின்னால் நாய்கள். கேப்டன் சுத்தியலோடு இறங்கினார்.

"என்ன இன்ஸ்பெக்டர், நிரூபிச்சாச்சா?"

"ஆச்சு. குற்றவாளி இங்கதான் இருக்கான். கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் ஒரு அடி. அங்கேயே நில்லுங்க."

கேப்டன் மேசைக்கு முன் வந்து நின்றார். பால் டப்பாவில் சாய்ந்திருந்த போன் ஒளிர்ந்தது. உடனே மணி அடித்தது.

அனிசேத்தா சிலுவை போட்டுக்கொண்டு தொட்டாள். திரை நிறைய ரோவெனாவின் முகம். பின்னால் ஒரு பாலத்தின் கீழ் அட்டையை விரித்து லீவைக் கழிக்கும் தோழிகள். பக்கத்தில், தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிய ஒருவன்.

"அம்மா! எத்தனை தடவை அடிச்சேன், எங்க போன? இதோ பாரு, இதுதான் நேசர். நேசர், வணக்கம் சொல்லு."

"வண—"

"குற்றவாளி எங்கே?" என்று கேப்டன் இரண்டடி பின்னால் போய்த் திரும்பினார். நேசரின் வாய் திறந்தபடியே உறைந்தது.

"ஐயோ!" என்று கத்தியது ஊர்.

கேப்டன் திகைத்து முன்னால் வந்தார். "—க்கம் அத்தே," என்றான் நேசர்.

கேப்டன் பின்னால் போனார். நேசர் கல்லானான். முன்னால் வந்தார். நேசருக்கு உயிர் வந்தது.

"அசையாதீங்க கேப்டன்!" கூட்டத்தில் பத்துக் குரல்கள். "பாக்கெட்டை இந்தப் பக்கம் திருப்புங்க!" என்றான் போன தேர்தலில் தோற்றவன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுத்தியல் மெல்லக் கீழே இறங்கியது. கேப்டன் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார், அதற்குள் தேள் இருப்பதைப்போல.

"ஆமாம் கேப்டன்," என்றார் எவுசேபியோ. "பன்னி எங்கேன்னு இத்தனை நாளா உங்க பாக்கெட்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. காலையில இவ ஆண்டெனாவை நீங்க பிடுங்கின அப்புறமும் அந்தப் பேரு இருந்துது. நீங்க கிளம்பினதும் போச்சு. படகுத்துறையில இல்லை, நீங்க இல்லை. சேவல் களத்துல இருந்துது, நீங்க இருந்தீங்க. இந்தப் பெரிய மனுஷங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க கொடுத்த ஓசி நெட்டுக்கு அவங்க கொடுத்த விலை, உங்ககிட்ட வாயைத் திறக்காதது."

கூட்டம் தன் கால்விரல்களைப் பார்த்தது. போனைப் பார்க்காமல் அது நின்றது அந்த வருஷத்தில் அதுதான் முதல் முறை.

"என் போனா? என் போனை எவன் தொட்டான்?"

"பொறந்த நாள் தெரிஞ்சா நெட்டுதான் கிடைக்கும். பேரை மாத்தணும்னா போன் கையில இருக்கணும். ராத்திரி அதை யார் சார்ஜ்ல போடறது?"

நாரத்தைச் சாற்றுக் கிண்ணத்தை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான்தான்," என்றாள் மிலாக்ரோஸ்.

"மிலா! நீயா? எதுக்கு?"

"நாய் தின்னுடுச்சுன்னு சொன்னீங்க. நானும் நம்பி நாலு நாயைத் திட்டினேன். அன்னிக்கு ராத்திரி உங்க பாக்கெட்லேருந்து போனை எடுத்தா, கூடவே சுட்ட தோல் துணுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. துணை மேயர் படகுல வெச்சு விருந்து போட்டிருக்கீங்க. போட்டுட்டுப் போங்க, அரசியல். என்னைக் கட்டி முப்பது வருஷமாச்சு. எனக்குத் தோல்னா உயிர்னு தெரியாதா? ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு கொண்டு வந்தீங்களா?"

"தோல் மிஞ்சவே இல்லை மிலா!" என்றார் கேப்டன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

தெருக்கோடியில் கரோக்கிக்காரன்கூடப் பாட்டை நிறுத்தினான். ஊர் அவரைப் பார்த்தது. நாய்கள் அவரைப் பார்த்தன. நாய்களின் பார்வையில்தான் கொஞ்சம் நாகரிகம் இருந்தது.

கேப்டன் போனை வெளியே உருவி, எங்கே அமுக்கினால் இது சாகும் என்று தேடினார். பிறகு ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"அசைஞ்சீங்கன்னா பாருங்க!" எழுந்து நின்றாள் அனிசேத்தா. கையில் நூடுல்ஸ் கரண்டி. "என் பெட்டியை முறிச்சீங்க, பழியையும் என் மேல போட்டீங்க. மாப்பிள்ளை வணக்கத்துக்கு மேல இன்னும் வாயைத் திறக்கலை. நில்லுங்க!"

கேப்டன் நின்றார். மிலாக்ரோஸ் அவர் கையில் இருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டாள். அதற்கு அப்புறம் அவர் இன்னும் ஒழுங்காக நின்றார்.

"போனை மார்பு உயரத்துக்குத் தூக்குங்க," என்றாள் லூடி. "அப்படித்தான். அன்பு இப்ப ஃபுல்லா வருது."

அனிசேத்தா உட்கார்ந்து, நீலச் சட்டையை நீவிவிட்டு, திரையில் இருந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேசர் தம்பி. ஒரே ஒரு கேள்வி. சுட்ட பன்னித் தோல் ஒரு துண்டு உன் கையில கிடைச்சா யாருக்குக் கொடுப்பே?"

ஹாங்காங்கில் அவன் ரோவெனாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். வாரி வைத்த முடி கலைந்தது.

"பாதி ரோவெனாவுக்குக் கொடுப்பேன். மீதிப் பாதியை... நானே தின்னுடுவேன் அத்தே. உங்களுக்குன்னு சொல்லலாம்தான். பொய்யா இருக்கும்."

அனிசேத்தாவின் பௌடர் முகத்தில் ஒரு கோடு வழிந்து இறங்கியது.

"கட்டிக்கடி," என்றாள்.

புது ஆண்டெனா இலோய்லோவிலிருந்து வரும்வரை ஞாயிறுதோறும் கேப்டன் அந்த மேசை முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று எவுசேபியோ தீர்ப்புச் சொன்னார். நாய்கள் விடுதலை. லூடிக்குத் தண்டனையாக, கேப்டன் நிற்கும்போது அவருக்குக் குடை பிடிக்கும் வேலை. பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று மிலாக்ரோஸ் சொல்லிவிட்டாள். எவுசேபியோ பித்தான் போனின் ரப்பர் பேண்டைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளைக்காக வைத்திருந்த தட்டை இழுத்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

சத்தியம் செய்ததால் இதையும் சொல்லிவிடலாம்: தலுங்கன் தீவுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை.